தாழ்த்திய காடியும் தேய்ந்த டயரும்



மாலை ஆறு மணிக்கு மேல் உங்கள் தோட்டத்து லயத்துப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஒரு காலத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்த வாசல்களில் இன்று கார் நிற்கிறது. 1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகா, 1993இல் வந்த வீரா, 1994இல் வந்த கஞ்சில், 2005இல் வந்த மைவி என்று பட்டணத்தில் பலர் கைமாறிய வண்டிகள் கடைசியில் நம் வாசலுக்கு வந்து சேர்கின்றன. மழையில் நனையாமல் மருத்துவமனைக்குப் போகலாம், தைப்பூசத்திற்குக் குடும்பத்தோடு போகலாம். மகிழ்ச்சிதானே!

ஆனால் அந்தக் கார்களில் சிலவற்றைச் சற்று உற்றுப் பாருங்கள். வயிறு தரையைத் தொடுகிறது. டயருக்கும் அதன் மேல் உள்ள தகரத்திற்கும் இடையே இரண்டு விரல் நுழையாது. முன் சக்கரங்கள் இரண்டும், புதிதாய்ப் பிறந்த கன்றுக்குட்டி காலை அகற்றிக்கொண்டு நிற்பதுபோல, அடியில் விரிந்தும் தலையில் உள்ளே சாய்ந்தும் நிற்கின்றன. "காடி தாழ்வா இருந்தாத்தான் சார் அழகு" என்று நம் இளைஞர்கள் சொல்கிறார்கள்.

நான் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். மெக்கானிக் அல்லன். பின் எதற்காக இந்தப் பேச்சை எடுக்கிறேன் என்று கேட்பீர்கள். என் அக்காளின் தோள் எலும்பு முறிந்த கதையைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும்.

அக்காள் மகனின் கார்

என் அக்காள் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன். அவன் பட்டணத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது, தான் கட்டி வந்த சீட்டுப் பணத்தை எடுத்து, மேலும் கொஞ்சம் கடன் வாங்கி, ஒரு பழைய வீரா காரை அவனுக்கு வாங்கிக் கொடுத்தார். 2022ஆம் ஆண்டின் நடுவில் அது நடந்தது.

கார் வந்த இரண்டாம் மாதம் பையன் அதைத் தாழ்த்தினான். முறையாகச் செய்த ஸ்பிரிங்கை வாங்கப் பணம் இல்லை. சாலையோரப் பட்டறை ஒன்றில் நான்கு ஸ்பிரிங்குகளையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்றை வெட்டி எறிந்துவிட்டு மாட்டிக் கொடுத்தார்கள். கூலி 120 வெள்ளி. சக்கரங்களின் நேர்கோட்டைப் பார்த்துக்கொள் என்று அங்கே யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஒரு முறை அந்தக் காரில் நானும் பட்டணம் போனேன். நேரான சாலையில் போகும்போதுகூட ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பியே இருந்தது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முதுகெலும்பில் சுத்தியலால் தட்டியது போல் இருந்தது. "என்னப்பா, மாட்டு வண்டியே தேவலாம் போலிருக்கே" என்று சிரித்தேன். "ஸ்போர்ட் மாமா, அப்படித்தான் இருக்கும்" என்றான். நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு ஆயிரம் கேள்வி கேட்கும் வாத்தியார் அன்றைக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அக்காளுக்கு இனிப்பு நீர் நோய் உண்டு. தீபாவளிக்கு இரண்டு வாரத்திற்கு முன்னால், மாதாந்திரப் பரிசோதனைக்காக மகன் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். திரும்பும்போது நல்ல மழை. பெருஞ்சாலை வளைவு ஒன்றில் முன் இடது டயர் வெடித்தது. கார் சுழன்று ஓரத்து வாய்க்காலில் இறங்கியது. எதிரே லோரி எதுவும் வரவில்லை. அதனால்தான் இன்று இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். மகனுக்குச் சிராய்ப்பு மட்டும். அக்காளுக்கு வலது தோள் எலும்பு முறிந்தது. நான்கு மாதம் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை.

மறுநாள் வெடித்த டயரைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெளிப்பக்கத்து வரிகள் ஆழமாக, புதிது போல் இருந்தன. "டயர் புதுசு மாமா, வாங்கி நாலு மாசம்கூட ஆகல" என்று பையன் அழுதான். காரை இழுத்து வந்து வைத்திருந்த பட்டறையின் தவுக்கே வயதான சீனர். அவர் பேசாமல் டயரைத் திருப்பி அதன் உட்பக்க ஓரத்தைக் காட்டினார். அங்கே ரப்பரே இல்லை. கம்பி இழைகள் வெளியே தெரிந்தன. நின்று கொண்டிருக்கும் காரில் அந்த ஓரம் யார் கண்ணுக்கும் படாது. குனிந்து, உள்ளே கையை விட்டால்தான் தெரியும்.

அந்த ஓரம் ஏன் தேய்ந்தது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் அந்தத் தவுக்கேயிடமும், பிறகு அலைன்மெண்ட் கடையில் வேலை செய்யும் ஒரு மலாய்த் தம்பியிடமும் பலநாள் மாணவனாக இருந்தேன். கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன்.

கையை நீட்டிப் பாருங்கள்

காரின் உடலையும் சக்கரத்தையும் இணைப்பது இரும்புக் கைகள். நம் நாட்டுச் சிறிய கார்கள் பலவற்றின் முன்பக்கத்தில், ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு தூண் மேலிருந்து இறங்குகிறது. கீழே ஒரு கை சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. மெக்பர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் கண்ட அமைப்பு இது. 1950இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஃபோர்டு கான்சல் காரிலேயே இது இருந்தது. விலை குறைவு, இடமும் குறைவு என்பதால் உலகம் முழுதும் பரவிவிட்டது.

இப்போது உங்கள் வலக் கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். தோள்தான் காரின் உடல். விரல் நுனிதான் சக்கரத்தின் அடிப்பகுதி. கையைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். கார் தொழிற்சாலையிலிருந்து வரும்போது கீழ்க்கை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். காரைத் தாழ்த்தினால் உடல் இறங்குகிறது, சக்கரம் தரையில் அப்படியே நிற்கிறது. ஆகவே கையை மெல்ல மேலே தூக்குங்கள். கை மட்டமாக வரும்வரை விரல் நுனி உடலை விட்டு வெளியே நகர்கிறதல்லவா? சக்கரத்தின் அடியும் அப்படித்தான் வெளியே தள்ளப்படுகிறது, தலை உள்ளே சாய்கிறது. இந்தச் சாய்மானத்திற்குக் கேம்பர் என்று பெயர். 58 சென்டிமீட்டர் உயரமுள்ள சக்கரம் ஒரு பாகை சாய்ந்தால், அதன் உச்சி அடியைவிட 1 சென்டிமீட்டர் உள்ளே இருக்கும். அப்போது காரின் பாரம் டயரின் உள் ஓரத்தில் கூடுதலாக விழும்.

கேம்பரோடு விட்டால்கூடப் பரவாயில்லை. சக்கரத்தை இடமும் வலமும் திருப்புவதற்கு ஸ்டியரிங்கிலிருந்து இன்னொரு கம்பி வருகிறது. அந்தக் கம்பியின் நீளம் வேறு, அது தொடங்கும் இடமும் வேறு. கார் இறங்கும்போது கீழ்க்கை ஓர் அளவு நகர்கிறது, இந்தக் கம்பி இன்னோர் அளவு நகர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத வித்தியாசத்தில் சக்கரம் தானாகவே கொஞ்சம் திரும்பிக்கொள்கிறது. இரண்டு முன் சக்கரங்களும் நம் இரண்டு பாதங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல்கள் ஒன்றையொன்று பார்த்தால் உள்நோக்கு. விலகிப் பார்த்தால் வெளிநோக்கு. பட்டறையில் இதை 'டோ' என்பார்கள். எந்தப் பக்கம் மாறும் என்பது காருக்குக் கார் வேறுபடும். மாறும் என்பது மட்டும் நிச்சயம்.

மூன்றாவது ஒன்று காஸ்டர். சக்கரம் திரும்பும் அச்சு, பக்கவாட்டில் பார்க்கும்போது பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு அது. திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது இதனால்தான். முன்னும் பின்னும் ஒரே அளவு தாழ்த்தினால் இது அதிகம் மாறாது. முன்பக்கத்தை மட்டும் தாழ்த்தினால் மாறும்.

ஆறாம் ஆண்டுக் கணக்கு

"ரெண்டு மூணு மில்லிமீட்டர்தானே, அதனால் என்ன ஆகிவிடும்?" என்று என் அக்காள் மகனும் கேட்டான். என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது போல் அவனுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

13 அங்குல ரிம்மின் குறுக்களவு 330 மில்லிமீட்டர். இரண்டு முன் சக்கரங்களின் முன் ஓரங்களுக்கு இடையிலுள்ள தூரம், பின் ஓரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைவிட 3 மில்லிமீட்டர் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 1.5 மில்லிமீட்டர். 330ஐ 1.5ஆல் வகுத்தால் 220. அதாவது கார் 220 மீட்டர் நேராக ஓடினால், அந்த டயர் 1 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும்.

தோட்டத்திலிருந்து பட்டணத்திற்குப் போக 11 கிலோமீட்டர், திரும்ப 11 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 22 கிலோமீட்டர், அதாவது 22,000 மீட்டர். 220ஆல் வகுத்தால் 100. ஆக, ஒவ்வொரு நாளும் 100 மீட்டர் தூரம் டயரைத் தார்ச் சாலையில் குறுக்காக வைத்துத் தேய்ப்பதற்குச் சமம்! மாதத்தில் 26 நாள் வேலைக்குப் போனால் 2,600 மீட்டர். பென்சில் அழிக்கும் ரப்பரை அவ்வளவு தூரம் சாலையில் தேய்த்தால் என்ன மிஞ்சும்? அதிலும் சக்கரம் உள்ளே சாய்ந்து, பாரம் ஒரே ஓரத்தில் விழும்போது, தேய்மானம் முழுவதையும் அந்த ஓரமே தாங்க வேண்டியிருக்கிறது. நாலு மாதத்துப் புது டயரில் கம்பி தெரிந்ததன் மர்மம் இதுதான்.

என் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அதற்குப் பிறகு நம் பாட்டனும் பாட்டியும் விடிவதற்கு முன் எழுந்து, கொசுக்கடியிலும் அட்டைக்கடியிலும் சேர்த்த பாலில்தான் உலகத்தின் டயர்கள் உருண்டன. இன்றும் டயரில் இயற்கை ரப்பர் கலந்தே இருக்கிறது. அதன் அருமை தெரிந்த குடும்பத்துப் பிள்ளைகளே அதை வீணாகத் தேய்ப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

வெட்டிய ஸ்பிரிங் செய்யும் வேலை

ஸ்பிரிங்கை வெட்டினால் கார் மென்மையாக ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பிரிங்கின் சுற்றுகள் குறையக் குறைய அது கடினமாகிறது. வேலை செய்யும் சுற்று 6 உள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் கடினம் 20 விழுக்காடு கூடும். இரண்டை வெட்டினால் 50 விழுக்காடு கூடும். போதாததற்கு, கார் தாழ்ந்துவிட்டதால் சக்கரம் மேலே எழும்ப இடமும் குறைந்துவிடுகிறது. ஐந்து பேர் ஏறி, பின்னால் சாமான்களையும் வைத்தால் அப்சோர்பர் அடிவரை இறங்கி ரப்பர்த் தடுப்பில் மோதுகிறது. அப்சோர்பரின் எண்ணெய் கசிகிறது. அப்சோர்பர் போனால் சக்கரம் சாலையில் குதித்துக் குதித்து ஓடும். குதிக்கும் சக்கரத்திற்குப் பிரேக் பிடிக்குமா?

இதைவிட ஆபத்து ஒன்று உண்டு. ஸ்பிரிங்கின் இரு முனைகளும் அதற்கென்று செய்த தட்டில் சரியாக உட்கார வேண்டும். வெட்டிய முனை அப்படி உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது நீளம் போதாமல் ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும். 'டங்' என்று சத்தம் கேட்கும். ஒருநாள் அது திரும்பச் சரியான இடத்தில் உட்காராமலே போகலாம். வெட்டாமல் கேஸ் நெருப்பால் சுட்டுத் தாழ்த்துகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். ஸ்பிரிங் எஃகுக்குத் தொழிற்சாலையில் கொடுத்த பதம் நெருப்பில் போய்விடும். ஒரு பக்கம் கூடுதலாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் அது இறங்கிக்கொண்டே இருக்கும்.

நம் தோட்டத்துச் செம்மண் சடக்கையும் நினைத்துப் பாருங்கள். லோரி சக்கரம் பதிந்த இரு பள்ளங்களுக்கு நடுவே மேடு. அந்த மேட்டில் காரின் வயிறு இடித்தால் என்ஜின் எண்ணெய்த் தொட்டி விரிசல் விடும். எண்ணெய் ஒழுகியது தெரியாமல் ஓட்டினால் என்ஜினே போய்விடும்.

ஆசையை மட்டும் குறை சொல்லலாமா?

காரைத் தாழ்த்துவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. பந்தயக் கார்கள் தாழ்வாகத்தான் இருக்கின்றன. பாரத்தின் மையம் கீழே இருந்தால் வளைவில் கார் குறைவாகச் சாயும். இது உண்மை. நாள் முழுதும் தொழிற்சாலையில் நின்று வேலை செய்யும் பையனுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருப்பது அந்த ஒரு கார்தான். அதை அழகு பார்க்க ஆசைப்படுவதில் குற்றம் என்ன? அரைகுறையாகச் செய்வதுதான் குற்றம். செய்தே தீருவேன் என்கிற தம்பிமார்கள் இவற்றை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, வெட்டிய ஸ்பிரிங்கும் வேண்டாம், சுட்ட ஸ்பிரிங்கும் வேண்டாம். உங்கள் காருக்கென்றே குட்டையாகச் செய்த ஸ்பிரிங் கடையில் கிடைக்கும். அதற்குப் பொருத்தமான அப்சோர்பரையும் சேர்த்து மாற்றுங்கள். பணம் சேரும்வரை பொறுத்திருங்கள். தோட்டத்துச் சடக்கில் ஓடும் காருக்கு அதிகம் தாழ்த்துவது எந்த வகையிலும் உதவாது.

இரண்டாவது, இரும்புக் கைகளின் மூட்டுகளில் ரப்பர் புஷ் இருக்கிறது. ஜாக்கியில் கார் தொங்கும்போதே அதன் போல்டை இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். இதைப் பட்டறையில் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, புது ஸ்பிரிங் சில நாள் ஓடித் தன் இடத்தில் அமர்ந்த பிறகு அலைன்மெண்ட் செய்யுங்கள். அதுவரை தொலைதூரம் போகாதீர்கள். பல சிறிய கார்களில் முன் சக்கர டோவைத் திருத்த மட்டுமே வசதி உண்டு. கேம்பர் அதிகமாகச் சாய்ந்திருந்தால் அதற்கென்று தனி போல்ட் போட வேண்டியிருக்கும்.

நான்காவது, முன் விளக்கின் ஒளி விழும் இடத்தைச் சரிபார்க்க வேண்டும். முன்பக்கம் மட்டும் தாழ்ந்தால் ஒளி அருகிலேயே விழுந்து தூரத்துப் பள்ளம் தெரியாமல் போகும். பின்பக்கம் தாழ்ந்தால் எதிரே வருகிறவர் கண்ணைக் கூச வைக்கும்.

ஐந்தாவது, சட்டம். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனங்களின் அமைப்பு, பயன்பாடு பற்றிய 1959ஆம் ஆண்டின் விதிகளும் நமக்கும் உண்டு. மாற்றம் செய்யுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரியுங்கள். காப்புறுதி நிறுவனத்திற்கும் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு விசாரித்துப் பயன் இல்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

உங்கள் கார் தாழ்த்தாத காராகவே இருக்கலாம். பள்ளத்தில் ஒரு முறை பலமாக இறங்கினாலும், கம்பியின் மூட்டு தேய்ந்தாலும் நேர்கோடு மாறும். ஆகவே இது எல்லாருக்கும் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிடம் போதும்.

1. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதும் திருப்பி நிறுத்தி, என்ஜினை அணைத்து, கை பிரேக்கை இழுத்து விடுங்கள். குனிந்து முன் டயர்களின் உள் ஓரத்தைப் பாருங்கள். பிறகு மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். டயர் வரிகளுக்கு நடுவே சிறு மேடுகள் உண்டு. அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். வரி தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும்.

2. டயரின் முகத்தை உள்ளங்கையால் குறுக்காகத் தடவுங்கள், முதலில் உள்ளிருந்து வெளியே, பிறகு வெளியிலிருந்து உள்ளே. ஒரு திசையில் வழவழப்பு, மறு திசையில் ரம்பப் பல் போலச் சொரசொரப்பு என்றால் டோ தவறியிருக்கிறது. கம்பி தெரியும் டயரை மட்டும் தடவாதீர்கள், கையைக் கிழித்துவிடும்.

3. தேய்மானம் பேசும் மொழியைப் படியுங்கள். ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரத்தின் நேர்கோடு சரியில்லை. இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குழி விழுந்தால் பெரும்பாலும் அப்சோர்பர் போய்விட்டது.

4. காரின் ஒவ்வொரு மூலையையும் பலமாக அழுத்தி விடுங்கள். எழும்பி உடனே அமர்ந்தால் அப்சோர்பர் நலம். தொட்டில் போல் ஆடிக்கொண்டே இருந்தால் மாற்றுங்கள்.

5. நேரான, மட்டமான சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் கோணலாக நின்றாலோ, கார் ஒரு பக்கம் இழுத்தாலோ, முதலில் காற்றைச் சரிபாருங்கள். எவ்வளவு காற்று என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவுப் பக்கத்துத் தூணில் ஒட்டியிருக்கும். அதற்குப் பிறகும் இழுத்தால் அலைன்மெண்ட் கடைக்குப் போங்கள்.

கடையில் ஏமாறாமல் இருக்க

பேலன்சிங் வேறு, அலைன்மெண்ட் வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றிச் சுழலவிட்டு, ரிம்மில் சிறு எடைக்கட்டிகளை வைப்பது பேலன்சிங். வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் நடுங்கினால் அது வேண்டும். சக்கரங்கள் பார்க்கும் திசையையும் சாய்மானத்தையும் திருத்துவதுதான் அலைன்மெண்ட்.

தேய்ந்த மூட்டையும் கிழிந்த புஷ்ஷையும் வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் செய்வது, ஆடும் நாற்காலியில் நின்று சுவரில் கோடு போடுவது போன்றது. நல்ல கடைக்காரர் முதலில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார், டயரில் காற்றைச் சரி செய்வார், அதன் பிறகுதான் இயந்திரத்தை மாட்டுவார். முடிந்ததும், திருத்துமுன் இருந்த அளவும் திருத்திய பின் உள்ள அளவும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். என் அக்காள் மகன் காரின் தாளைப் பார்த்தபோது எனக்குத் தேர்வு எழுதிய பிள்ளையின் தேர்ச்சி அட்டை நினைவுக்கு வந்தது. முதல் வரிசையில் எல்லாம் சிவப்பு. இரண்டாம் வரிசையில் எல்லாம் பச்சை. அந்தச் சிவப்பைப் பச்சையாக்க ஆன செலவு 40 வெள்ளி. அதை ஆரம்பத்திலேயே செலவு செய்திருந்தால்!

நான்கு மாதம் அக்காளின் சம்பளம் போனது. இரண்டு டயர், பழைய சாமான் கடையில் வாங்கிய பழைய உயரத்து ஸ்பிரிங் நான்கு, தகர வேலை என்று கையில் இருந்த சேமிப்பும் கரைந்தது. அக்காளின் தோளுக்கு மட்டும் பழைய பலம் திரும்பவில்லை. கூடையைத் தூக்கும்போது இன்றும் இடக் கையைத்தான் முதலில் கொடுக்கிறார். இத்தனைக்கும் மகனை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. "தம்பி, அவன் என்ன தெரிஞ்சா செஞ்சான்?" என்று என்னிடம்தான் கேட்டார். தெரிந்து சொல்லியிருக்க வேண்டியவன் நான் அல்லவா? தலை குனிந்து நின்றேன்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். தேருக்கு அச்சாணி எப்படியோ அப்படித்தான் காருக்கு இந்த நேர்கோடும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் நாம் அதை மறந்துவிடுகிறோம்.

பெற்றோர்களே! பிள்ளைக்குக் கார் வாங்கச் சேர்த்த பணத்தில் டயருக்கும் அலைன்மெண்டுக்கும் கொஞ்சம் தனியே எடுத்து வையுங்கள். "இதெல்லாம் ஆம்பளைங்க விஷயம்" என்று தாய்மார்கள் ஒதுங்க வேண்டாம். மரத்தின் பட்டையைத் தடவியே காயத்தின் ஆழத்தைச் சொன்ன கைகள் உங்களுடையவை. டயரின் ஓரத்தைத் தடவிச் சொல்ல முடியாதா?

அக்காள் வீட்டில் இப்போது அது வழக்கமாகிவிட்டது. அந்த வீரா பழைய உயரத்தில்தான் நிற்கிறது. எங்கே புறப்பட்டாலும் அக்காள் காரில் ஏறுமுன் வாசற்படியில் நின்று கேட்பார், "தடவிப் பாத்தியாடா?" அவனும் குனிந்து நான்கு டயரையும் தடவிவிட்டு, கறுத்த உள்ளங்கையை அம்மாவிடம் காட்டுவான். அதைப் பார்த்த பிறகுதான் அவர் காரில் ஏறுவார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசலில் நிற்கும் காரையும் ஒருமுறை தடவிப் பாருங்களேன்!